நீதிபதியம்மாவும் குற்றவாளித் தண்ணீரும்

மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு ‘நீதிபதியம்மா’ என்று கேலியாகத்தான் பெயர் வைத்தார்கள். நாளாவட்டத்தில் வைத்தவர்களே அவரைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்கிற சாம்பல் நிறப் பெட்டிதான் அவருடைய நீதிமன்றம். இருமல் மருந்தைச் சிறு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி உள்ளே வைத்தால், அது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பெட்டி எண்ணில் சொல்லிவிடும். வெறும் தண்ணீருக்குப் பூஜ்யம். மருந்தின் எண் வரம்பைத் தாண்டினால் சாயம் அதிகம். தொட்டி மொத்தமும் சாக்கடைக்கு.

அந்தச் சதுரக் குப்பிக்கு இரண்டு பக்கம் வழவழப்பு, இரண்டு பக்கம் சொரசொரப்பு. ஒளி புகவேண்டியது வழவழப்பில், விரல் படவேண்டியது சொரசொரப்பில். இந்தச் சட்டம் அவர் வீட்டிலும் அமலில் இருந்தது. கல்யாண ஆல்பத்தை ஓரம் பிடித்துத்தான் புரட்டுவார். கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கம்பி பிடித்துத்தான் நீட்டுவார். “என் கன்னத்தையாவது முழுசா தொடுவியா?” என்று கணவர் கேட்டதாக ஒரு வதந்தி உண்டு, ஆதாரம் இல்லை.

கணவரும் அதே கம்பெனிதான், பாட்டில் கழுவும் பிரிவு. ஒருநாள் மருந்து கலக்க அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். தேறினால் கலவை மேஸ்திரி. தேறாவிட்டால் மறுபடி பாட்டில்.

மாதிரி நீதிபதியம்மாவின் மேஜைக்கு வந்தது. கட்டிய கணவர் கலந்த சரக்கு, அவர் பக்கம் துளியும் சாய்ந்துவிடக்கூடாது என்று குப்பியை வழக்கத்தைவிட இருமடங்கு துடைத்து, துடைத்த காகிதத்தோடே பிடித்து உள்ளே வைத்தார். எண் எகிறியது. கண் கலங்காமல் ‘தேறவில்லை’ என்று சொல்லியனுப்பினார். கம்பெனியே சிலிர்த்துப்போயிற்று.

குப்பியை வெறுங்கையால் எடுக்கப் போனபோதுதான் விரல்கள் திடுக்கிட்டன. சொரசொரவென்று இருக்கவேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

வாயை மூடிக்கொண்டால் பெயர் நிலைக்கும். திறந்தால், புருஷனுக்காகத் தீர்ப்பை மாற்றினாள் என்பார்கள். தொட்டியைத் திறந்துவிட ஆள் போய்க்கொண்டிருந்தது.

அவர் ஓடினார். ஆளை நிறுத்தினார். மேலாளரையும், கணவர் திரும்பி வருவார் என்று ஆவலோடு காத்திருந்த பாட்டில் பிரிவுப் பெரியவரையும் கையோடு கூட்டிவந்தார்.

“ஏம்மா, உன் வீட்டுக்காரன் வீட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டானா?” என்றார் பெரியவர்.

“நான் எதையும் தொடமாட்டேண்ணே. இந்தக் குப்பிய நீங்களே கழுவி, வெறும் தண்ணிய ஊத்தி, இப்ப இருக்கிற மாதிரியே வைங்க.”

வைத்தார். எண் எகிறியது.

“அடேயப்பா! தண்ணியிலயும் சாயம் கலந்துட்டானா உன் வீட்டுக்காரன்?”

“குப்பிய பக்கவாட்டுல வெச்சது நான். சொரசொரப்பு ஒளிய மறிச்சிருச்சு. தப்பு என்னுதுண்ணே. இப்ப திருப்பி வைங்க.”

தண்ணீர் பூஜ்யத்துக்கு இறங்கி நிரபராதியானது. அடுத்து மருந்தையும் பெரியவரே ஊற்றினார். தேறியது. தன் கையாலேயே ஓர் ஆளை இழந்த துக்கத்தில் அவர் வெளியேறினார்.

அன்று மாலை புது மேஸ்திரி தெருவில் ஒரு வீடு விடவில்லை. பதவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “எங்க வீட்டம்மா தப்பு பண்ணிட்டாங்க! அட, சத்தியமா! எல்லார் முன்னாடியும் அவங்க வாயாலயே சொன்னாங்க!” கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு பெருமிதம் இருந்ததில்லை.

தொண்டை கட்டி வீடு திரும்பியவரை நீதிபதியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“முடிஞ்சுதா ஊர்வலம்? மூக்குக்கண்ணாடிய துடைச்சு வெச்சிருக்கேன். கம்பிய புடிச்சு எடுங்க.”