கோலா தெர்லா போய் மூசாங்கைப் பார்க்காமல் வந்தேன்

மூத்த பேத்தி ஈப்போ ஆஸ்பத்திரியில் தாதி. அடுத்தவன் எஸ்.பி.எம். பரீட்சையில் கணக்குக்கு ஏ. கடைக்குட்டி கதை சொல்லும் போட்டியில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, கோப்பையை என் கையில்தான் கொடுத்தாள். நான்காவது பிள்ளை ராஜா. அவன் மூசாங். தமிழில் மரநாய் என்பார்கள், பூனையைவிட நீள உடம்பு, பெரிய வால். அவனைப் பார்க்கத்தான் போன சனிக்கிழமை கிளம்பினேன்.

மூன்று மாதத்துக்கு முன் என் மகன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும்போது, தேயிலைச் செடிக்கு அடியில் கண் திறக்காத குட்டியாகக் கிடந்தான். மகன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டான். நான் பழைய கைலியில் தூளி கட்டி, டின் பாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பதினோரு நாள் வளர்த்தேன். பேசிக்கொண்டே ஊட்டுவேன். கண் திறந்ததும் முதலில் பார்த்தது என்னைத்தான். பிறகு வயிற்றுப்போக்கு வந்து, காட்டு விலங்குகளைத் தேற்றி மறுபடி காட்டில் விடும் நிலையத்துக்காரர்கள் வந்து எடுத்துப்போனார்கள். அவர்கள் இணையத்தில் போடும் படங்களைக் கைப்பேசியில் பார்ப்பேன். மூன்று வாரமாகப் படமே இல்லை.

நிலையம் கோலா தெர்லாவைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் மண் சாலையில் இருக்கிறது. ரிங்லெட்டில் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். டாக்சிக்கு ஒரு வழிக்கு எழுபது வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்டார்கள். பக்கத்து வீட்டுச் சேகரனின் காய்கறி லோரியில் சும்மா போனேன். காலை 6.45க்குக் கிளம்பினோம்.

"என்ன பெரியம்மா, பட்டுச் சேலை? யாருக்குக் கல்யாணம்?"

"ராஜாவப் பாக்கப் போறேன்டா."

"மூசாங்குக்குப் பட்டா! எங்க வீட்டுக் கூரையில நாலு ஓடுது லா. கைலியோடயே வந்து பாத்திருக்கலாம்."

7.35க்குப் பிரிஞ்சாங் டவுன். தோசையும் தேநீரும் ஐந்து வெள்ளி, சட்னி தண்ணி. முந்தின நாள் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்காமல் போன வாழைப்பழத்தையும் பப்பாளியையும் வியாபாரிகள் நிலையத்து விலங்குகளுக்காகப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் தருகிறார்கள். சனிக்கிழமைதோறும் சேகரன்தான் ஏற்றிப்போகிறான். எங்கள் லயத்துப் பன்னிரண்டு வீடும் பழைய துண்டும் கைலியும் கொடுத்திருந்தன, ஒரு மூட்டை. அதற்கடியில் என் கைலி ஒன்றும் இருந்தது. அதை மட்டும் துவைக்கவில்லை. என் வாசனை தெரிந்தால் அவன் ஓடி வருவான் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு நிலையம். அங்கே வேலை செய்யும் கலா என்ற பெண் வெளியே வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். உதட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

"பாட்டி, மெதுவா பேசுங்க. அவனப் பாக்க முடியாது."

"இவ்வளவு தூரம் வந்திருக்கேன்மா. பத்தடி தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"போன மாசம் ஒரு அம்மா தமிழ்ல பேசிக்கிட்டே வந்தாங்க. கம்பிக்கு ஓடி வந்துட்டான், மடியில ஏறப் பாக்கறான். நீங்கன்னு நெனச்சிட்டான் போல. மனுசங்கள நம்பற மூசாங்கக் காட்டுல விட முடியாது, பாட்டி. நாய் கடிச்சிடும், இல்ல எவனாவது அடிச்சிடுவான். அப்புறம் கூண்டுலயே கெடக்க வேண்டியதுதான். அதான் நாங்க படம் எடுக்கக்கூட கிட்ட போறதில்ல."

"இப்ப எப்படி இருக்கான்?"

கலா சிரித்தாள். "நேத்து என்னப் பாத்துப் பல்லக் காட்டிச் சீறினான். மொத தடவ! இப்படியே இருந்தா அடுத்த மாசம் காடுதான்."

கூண்டுகள் கொட்டகைக்குப் பின்னால், இருபதடி கூட இருக்காது. ஒரு வார்த்தை 'ராஜா' என்று கூப்பிட்டால் போதும். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மூட்டையைப் பிரித்து அந்தக் கைலியை இழுத்து எடுத்து என் பைக்குள் வைத்தேன். "இது துவைக்காதது" என்றேன். கலா கையுறை ஒரு ஜோடி நீட்டினாள், வாசனை ஒட்டாமல் இருக்க. அதைப் போட்டுக்கொண்டு பதினொரு மணி வரை வாய் திறக்காமல் பழம் நறுக்கினேன். எங்கள் லயத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒன்பது கிண்ணத்தில் ஒன்று அவனுடையது. எது என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது சேகரன் கேட்டான்: "என்ன சொன்னாரு ராஜா?"

"சீறுறான்டா. பல்லக் காட்டிச் சீறுறான்!"

"பெரியம்மா வளர்ப்புன்னா சும்மாவா லா."

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். விலங்குகளைக் காட்டமாட்டார்கள், கோபப்படாதீர்கள். பழமும், துவைத்த பழைய துணியும், உங்கள் இரண்டு கையும் அவர்களுக்குப் போதும். மழை பெய்தால் அந்த மண் சாலையில் சின்ன கார் ஏறாது. செடிக்கு அடியில் குட்டி கிடந்தால் தொடாதீர்கள். தாய் பெரும்பாலும் இரவில் வந்து தூக்கிப்போகும் என்று கலா சொன்னாள். அடிபட்டிருந்தால் மட்டும் அவர்களைக் கூப்பிடுங்கள். நான் செய்த மாதிரி பால் கொடுக்காதீர்கள், பெயரும் வைக்காதீர்கள்.

கலா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அவனைக் காட்டில் விடும் அன்று, தூரத்தில் நின்றே ஒரு புதுப் படம் எடுத்துப் போடம்மா. பேத்தி பட்டம் வாங்கிய படத்துக்குப் பக்கத்தில் சுவரில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அவன் பல் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.