பத்து மைல் ஓட்டத்தில் நாங்கள் மூவர்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. அப்போது ஊரில் ஆண்டுதோறும் பத்து மைல் ஓட்டப்பந்தயம் ஒன்று நடக்கும். புதுத் துறைமுகத்தில் புறப்பட்டு, உப்பளங்களைச் சுற்றி, திரேஸ்புரத்தில் முடியும். அதை நடத்திய சங்கத்தின் செயலாளர் ஒரு கடைக்காரர். அவரிடம் பெயர் கொடுக்கப் போனேன்.

"பொம்பளையா பத்து மைல் ஓடுதது? வேண்டாம் டீச்சர். துணி மாத்த இடமில்ல, வழியில ஒதுங்கவும் இடமில்ல."

"அதுக்கு நான் வழி பண்ணிட்டா பேரு எழுதுவீங்களா அண்ணாச்சி?"

"பண்ணிட்டு வாங்க, பாப்போம்" என்று சிரித்தார். இத்தோடு விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் முதல் தினமும் மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பாதை நெடுக அலைந்தேன். வீடு வீடாக ஏறி, பந்தயத்தன்று கழிப்பறையைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டேன். முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நான்காவது வீட்டுக்காரி, "தாராளமா வாங்க டீச்சர். வாசல்ல நானே காவலுக்கு நிக்கேன்" என்றாள். உப்பளத்தில் வேலை செய்த அவள் மருமகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய்.

"நானும் ஓடலாமா?"

"பத்து மைலாச்சே?"

"பகல் பூரா உப்புப் பெட்டி சுமக்கேன். ஓட மாட்டேனா?"

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் பழைய மாணவி ஒருத்தியும் சேர்ந்தாள். சம்மதித்த வீடுகளின் பட்டியலோடு போனதும் செயலாளரால் மறுக்க முடியவில்லை. மூன்று பெயரையும் எழுதினார்.

பந்தயத்தன்று உப்பளத்துக்காரி, வேலைக்குப் போவதுபோலவே சேலைக்கு மேல் ஆண்சட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். வழியில் ஒருவன், "வீட்டுல சோறு பொங்கியாச்சா?" என்று கத்தினான்.

"பொங்கி வச்சிட்டுத்தாம்லே வாரேன்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஏழாவது மைலில் மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மாதவிலக்கு. நல்லவேளை, அந்த நான்காவது வீடு பக்கத்திலேயே இருந்தது. மாமியார்க்காரி அவளை உள்ளே கூட்டிப்போனாள். "நீங்க போங்க டீச்சர், நான் வந்துருதேன்" என்றாள் மாணவி. மனசில்லாமல்தான் ஓடினேன்.

நாங்கள் இருவரும் திரேஸ்புரம் சேர்ந்தபோது எல்லைக் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நடுவர் மேசையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. அதைவிடக் கோபம் வந்தது.

"இன்னும் ஒருத்தி வாரா. கயித்தைக் கட்டுங்க அண்ணாச்சி."

"ஆம்பளைங்க எல்லாம் முடிச்சாச்சே..."

"நாங்களும் பேரு கொடுத்துதான ஓடுதோம்?"

செயலாளர் தானே குனிந்து கயிற்றை எடுத்துக் கட்டினார். வெயில் ஏறிவிட்டது. யாரும் கலையவில்லை. மாணவி பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்து சேர்ந்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்து அவள் நேரத்தையும் எழுதினார்.

"இதையும் எழுதிக்கோங்க" என்றேன். "கடைசி ஆள் வந்து சேருத வரைக்கும் கயித்தை அவிழ்க்கக் கூடாது."

அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் அது ஒரு விதியாகவே அச்சாகி வந்தது. உப்பளத்திலிருந்து மட்டும் ஐந்து பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.