ஒரு பட்டாளத்தை வலப்பக்கம் மாற்றிய பத்து நாட்கள்

1. முதல் நாள்

காலை எட்டு மணிக்கு எங்கள் ட்ரைவிங் ஸ்கூல் வாசலில் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். சாதாரண உடுப்புத்தான். ஆனால் நிற்கிற நிலையே ஆமி என்று சொல்லியது. நான் காரை விட்டு இறங்கவில்லை. ஜன்னலை இரண்டு அங்குலம் இறக்கி, என் லைசென்ஸை எடுத்து வெளியே நீட்டினேன்.

யாரும் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், ரொறன்ரோ மல்வேர்னில், பட்டப்பகலில், பதினெட்டு வருடமாக நான் வேலை செய்யும் இடத்துக்குள் நுழைய நானாகவே அடையாள அட்டை காட்டினேன். ஊரில் ஆமிச் சோதனைச் சாவடிகளில் கை பழகினது பழகினதுதான்.

முன்னால் நின்ற பெரியவர் அதை வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் கவனமாக வாசித்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். "குட் மோர்னிங், டீச்சர்" என்றார்.

அவர் பெயர் ஜோசப். வாரண்ட் ஒஃபிசர். மற்ற ஐந்து பேரும் அவருக்குக் கீழே வேலை செய்யும் ட்ரைவர்கள். அதில் கோப்ரல் மேர்சி என்ற ஒரு பெண்ணும் உண்டு. எந்த நாடு என்று எழுதக் கூடாதென்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆபிரிக்கா. எங்கள் ஊர் மாதிரி றோட்டில் இடப்பக்கம் ஓடுகிற நாடு. அவ்வளவுதான் சொல்லலாம்.

விஷயம் இதுதான். அவர்களுடைய காலாட்படைப் பட்டாலியன் ஒன்று அமைதி காக்கும் பணிக்கு வேறொரு நாட்டுக்குப் போகிறது. அந்த நாட்டில் வலப்பக்கம் ஓட வேண்டும். சொந்த நாட்டில் பழகலாமென்றால் அங்கே வலப்பக்கம் ஓட றோட்டே இல்லை. ஆகவே இந்த ஆறு பேரும் ரொறன்ரோவுக்கு வந்து பத்து நாள் பழகி, திரும்பிப்போய் மற்ற நாற்பது ட்ரைவர்களையும் பழக்க வேண்டும். பட்டாலியனின் தண்ணீர், சாப்பாடு, காயப்பட்ட ஆள் எல்லாம் அவர்கள் ஓடும் நாற்பது லொறியில்தான் ஏறும்.

இந்த வேலையைப் பிடித்து வந்தவர் எங்கள் ஸ்கூல் முதலாளி ரஞ்சி அக்கா. இடப்பக்கத்து ஆட்களை வலப்பக்கம் மாற்றுவதில் ஸ்காபரோவில் எங்களை வெல்ல ஆளில்லை என்று, அந்த ஆமிக்கு இடம் தேடிய கொன்சல்டன் ஒருவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. பாதி யாழ்ப்பாணத்தை நாங்கள்தான் மாற்றினோம்.

"அமைதி காக்கிற ஆமியாமடா. ஒழுங்கா மரியாதையா பழக்கு" என்றார் அக்கா.

"அக்கா, எண்பத்தேழிலை எங்கடை ஊருக்கு வந்த இந்தியன் ஆமியும் உந்தப் பேரோடைதான் வந்தது."

"இவை வந்தது கார் ஓடப் பழக. ஒன்பது மணிக்குப் பாடம்."

2. தோளடி விதி

அவர்கள் கதைத்தது இங்கிலிஷ். எனக்குக் காதில் விழுந்தது மாதிரி என் தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் காரில் பயணி இருக்கைப் பக்கமும் ஒரு பிறேக் உண்டு. அதுதான் என் தொழில். முதல் நாள் ஜோசப் ஓட, நான் பக்கத்தில். ஒரு பள்ளிக்கூடச் சந்தியில் "ஸ்டொப்" என்றேன். கார் நின்றது. ஒரு ஆமிக்காரனை நான் நில் என்று சொல்கிறேன், அவன் நிற்கிறான். வாழ்க்கையில் முதல் தடவை. தேவையில்லாமல் அன்றைக்கு இன்னும் ஏழு இடத்தில் நிறுத்தினேன்.

இடப்பக்கத்து ஆட்களுக்கு நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். இடம் வலம் என்று யோசித்தால் தலை குழம்பும். யோசிக்காதே. றோட்டின் நடுக்கோடு எப்போதும் ட்ரைவரின் தோளடியில் இருக்க வேண்டும். ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம், நடுக்கோடு உன் வலத் தோளடியில். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், நடுக்கோடு உன் இடத் தோளடியில். கோடு தோளடியில் இருந்தால் நீ சரியான பக்கத்தில் இருக்கிறாய். பதினெட்டு வருடத்தில் ஒருவரையும் கைவிடாத விதி.

ஆறு பேரும் ஆறு நோட்டுக் கொப்பி வைத்திருந்தார்கள். "நடுக்கோடு என் தோளடியில்" என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதினார்கள். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் வீங்கியது. ஆறாம் நாள் வரை அவர்கள் ஓட்டியதைப் பார்த்து, நான் இனி ஜெனரல்மாருக்கும் பழக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

3. கோப்பிக் கடை

ஏழாம் நாள். மேர்சி நன்றாக ஓடியதற்கு காரில் இருந்த நாலு பேருக்கும் கோப்பி வாங்கித் தருகிறேன் என்று ட்ரைவ்-துரூவுக்குள் விடச் சொன்னேன். ஜன்னலில் பெண்பிள்ளை கோப்பித் தட்டை நீட்ட, மேர்சி வாங்கி என்னிடம் தந்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கடை லொறியிலை இப்பிடி வாங்கேலாது டீச்சர். கடை ஜன்னல் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம்."

"ஏன்? அங்கை உங்களுக்கு இடப்பக்கத்து ஸ்டியரிங் லொறிதானே குடுப்பினம்?"

"ஒருத்தரும் ஒண்டும் குடுக்கமாட்டினம். எங்கடை லொறியளைத்தான் கொண்டு போறம். கப்பலிலை ஏத்தியாச்சு."

நான் பிறேக்கை மிதித்தேன். கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் மிதித்தேன். நாலு கோப்பியில் மூன்று என் மடியில்.

யோசித்துப் பாருங்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள லொறி. றோட்டிலும் வலப்பக்கம் ஓட வேண்டிய நாடு. அப்படியென்றால் ட்ரைவர் இருப்பது றோட்டுக் கரையில், நடுக்கோடு மற்ற இருக்கையடியில். என் விதிப்படி நடுக்கோட்டைத் தோளடியில் வைத்தால் லொறி இடப்பக்கம் போய்விடும். எதிரே வருகிறவனுக்கு நேரே. நாற்பது லொறியும். ஒழுங்காக, வரிசையாக, என் பெயரைச் சொல்லிக்கொண்டு.

"டீச்சர், சுடுதோ?" என்று மேர்சி கேட்டாள்.

"இல்லை. குளிருது" என்றேன். பின்னால் நின்ற கார்காரன் ஹோர்ன் அடித்தான்.

4. ரஞ்சி அக்கா

"அக்கா, பெரிய பிழை விட்டிட்டன்."

"ஆரையும் அடிச்சுப்போட்டியோ?"

"இன்னும் இல்லை. இனித்தான். ஆபிரிக்காவிலை."

விஷயத்தைச் சொன்னேன். அக்கா மேசையில் ஒரு பேனையை எடுத்து ஸ்டியரிங் மாதிரிப் பிடித்து, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தலை சுற்றியிருக்க வேண்டும். பேனையை வைத்துவிட்டார்.

"கொன்றாக்டிலை என்ன கிடக்கு? வலப்பக்கம் ஓடப் பழக்கிறது. பழக்கிப்போட்டாய். லொறியின்ரை ஸ்டியரிங் எந்தப் பக்கமெண்டு அவை உனக்குச் சொன்னவையோ?"

"நான்தான் கேட்டிருக்கோணும்."

"இப்ப போய் உதைச் சொன்னியெண்டால் ஏழு நாளும் படிப்பிச்சது முழுக்கப் பிழையெண்டு நினைப்பினம்."

"பிழைதானேயக்கா."

அக்கா கொன்றாக்டை மடித்து லாச்சிக்குள் வைத்தார். பிறகு, "பிக்கரிங்கிலை சிவம் ஒரு ஹையேஸ் வான் வச்சிருக்கிறான். ஜப்பானிலை இருந்து இறக்கினது, வலப்பக்கத்து ஸ்டியரிங். கேட்டுப் பார். நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லாதை, அவனோடை நான் கதைக்கிறேல்லை" என்றார்.

5. ஜோசப்

அன்று பின்னேரம் ஜோசப்பிடம் போனேன். வழியெல்லாம் வசனம் பாடமாக்கினேன். "ஒரு சிறிய திருத்தம்" என்று தொடங்குவதாக இருந்தது. அவருடைய முகத்தைக் கண்டதும் வாயில் வந்தது, "சேர், நான் சொன்ன விதியாலை நீங்கள் எல்லாரும் சாகப் போறியள்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பிறகு போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். அவர் ஒவ்வொரு பின்னேரமும் அன்றைய பாடத்தை ஊருக்கு அனுப்பியிருக்கிறார். காலை அணிவகுப்பில், சிவப்பு மண் மைதானத்தில், நாற்பது பேர் நிற்கிறார்கள். ஒருவன் கத்துகிறான். நாற்பது பேரும் தோளில் ஓங்கி அடித்து, "கோடு, என் தோளடியில்!" என்று திருப்பிக் கத்துகிறார்கள். நல்ல உற்சாகமாக.

"ஐஞ்சு நாளாச் சொல்லுறாங்கள். இப்ப நித்திரையிலையும் சொல்லுவாங்கள்" என்றார் ஜோசப்.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ, சேர்!"

"டீச்சர், சும்மா நிப்பாட்டேலாது. அதுக்குப் பதிலா என்ன சொல்லுறதெண்டு முதல் வேணும்."

வலப்பக்கத்து ஸ்டியரிங்கோடு வலப்பக்கம் நான் வாழ்க்கையில் ஓடியதே இல்லை.

6. சிவத்தின் வான்

"ஆமிக்காரருக்கோ? என்ரை வானையோ?" என்றார் சிவம் அண்ணை. கிழமைக்கு இரண்டு தரம் கழுவித் துடைக்கிற வான். அவருடைய மகனே அதைத் தொட்டதில்லை.

"அமைதி காக்கிற ஆமி அண்ணை."

"உதை நான் முதலும் கேள்விப்பட்டிருக்கிறன்."

"இது வேறை. சத்தியமா வேறை."

கதையைச் சொன்னேன். கடைசியில் சம்மதித்தார், தானும் பின் இருக்கையில் வருவதாக ஒரு நிபந்தனையோடு. இன்சூரன்ஸ் அலுவலை ரஞ்சி அக்கா தன் பெயரைச் சொல்லாமல் போனில் முடித்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் காலை, பிக்கரிங்குக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே ஒரு ஆளில்லாத றோட்டு. மேர்சி வலப்பக்கம், ஸ்டியரிங்கில். நான் இடப்பக்கம், நடுக்கோட்டுக்கு மேலே. எனக்குப் பிறேக் இல்லை. கால் தானாகவே வானின் தரையை மிதித்து மிதித்துத் தேடியது.

"ஏய், கால் மிதிக்கிற மற் கிழியப் போகுது!" என்றார் பின்னாலிருந்து சிவம் அண்ணை.

இரண்டு மணி நேரத்தில் இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று, றோட்டுக் கரை ட்ரைவரின் தோளடியில் இருக்க வேண்டும், கோடு அல்ல. அது சுகம். இரண்டாவது, முன்னால் ஒரு டிராக்டர் போனபோது தெரிந்தது. அதை முந்த வேண்டும். மேர்சிக்கு எதிரே என்ன வருகிறதென்று ஒன்றும் தெரியவில்லை. டிராக்டரின் முதுகுதான் தெரிந்தது. றோட்டு முழுக்கத் தெரிந்தது இடப்பக்கம் இருந்த எனக்கு.

"டீச்சர், போகலாமோ?"

அப்போதுதான் விளங்கியது. இந்த லொறிகளில் முந்துகிற தீர்மானம் ட்ரைவருடையது அல்ல. பக்கத்தில் இருக்கிறவனுடையது. நாற்பது ட்ரைவரைப் பழக்கினால் போதாது. நாற்பது பக்கத்து ஆளையும் பழக்க வேண்டும். இதை எந்தக் கொன்றாக்டிலும் ஒருவரும் எழுதவில்லை.

"டீச்சர்?"

"பொறு... பொறு... ஒரு கார் வருது... போ!"

போனாள். டிராக்டர்காரர் கை காட்டினார். சிவம் அண்ணை கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதோ?" என்றார்.

ஒன்பதாம் நாள் முழுக்க ஆறு பேரையும் மாற்றி மாற்றி இரண்டு இருக்கையிலும் இருத்தினோம். ட்ரைவர் கேட்காமல் முந்தக் கூடாது. பக்கத்து ஆள் சந்தேகமென்றால் வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்காவிட்டால் பின்னாலேயே போக வேண்டும், அரை நாளானாலும். ஜோசப் பக்கத்து இருக்கையில் இருந்து, ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் போவது மாதிரி ஒரு தபால் வண்டிக்குப் பின்னால் பதினைந்து நிமிடம் வாய் திறக்காமல் போனார். அவருக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருப்பேன்.

7. கான்சல்

கடைசி நாள் ஜோசப் ஆறு கொப்பியையும் மேசையில் அடுக்கினார்.

"எங்கடை ஆமியிலை ஒரு கட்டளையை வெட்டிப்போட்டு மேலை எழுதேலாது டீச்சர். குடுத்தவர்தான் கான்சல் எண்டு ரத்துச் செய்யோணும். தேதியும் கையெழுத்தும் போட்டு."

ஆறு கொப்பியிலும் என் பழைய விதிக்குக் குறுக்கே கோடு போட்டு, "பிழை. நான் லொறியைப் பற்றிக் கேட்கவில்லை" என்று எழுதி ஒப்பமிட்டேன். முதலாவதில் எழுத்துக் கோணலாக விழுந்தது. ஆறாவதில் கையெழுத்து அழகாகவே வந்தது. பிழையை ஒத்துக்கொள்வதும் பழக்கத்தில் வரும் போல.

பிறகு வீடியோ. ட்ரைவிங் ஸ்கூல் பலகைக்கு முன்னால் நின்று, ஒருநாளும் காணாத நாற்பது பேருக்குச் சொன்னேன்: "நான்தான் உங்கடை டீச்சர். தோளடியிலை கோடு எண்டு சொன்னது நான்தான். அது பிழை. இனி அதைச் சொல்லாதேங்கோ. உங்கடை லொறியிலை தோளடியிலை இருக்க வேண்டியது றோட்டுக் கரை. முந்த முன்னம் பக்கத்திலை இருக்கிறவரைக் கேளுங்கோ." இங்கிலிஷில் சொன்னேன். எனக்கு வியர்த்த வியர்வைக்கு மொழி தேவையில்லை.

விமான நிலையத்தில் நிற்கும்போது பதில் வீடியோ வந்தது. இப்போது ஒவ்வொரு ட்ரைவருக்குப் பக்கத்திலும் இன்னொருவன். எண்பது பேர். புதுவிதியைக் கத்தினார்கள். ஜோசப் பார்த்து முடித்து, என்னைப் பார்த்தார்.

"பொடியள் கேக்கினம், நாளைக்கும் ஏதும் கான்சல் வருமோ எண்டு."

"வந்தாலும் வரும், சேர். கொப்பியிலை ஒரு பக்கம் வெறுமையா விடச் சொல்லுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

8. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

விதி எவ்வளவு காலம் வேலை செய்ததென்று பார்க்காதீர்கள். எந்த வாகனத்தில் வேலை செய்ததென்று பாருங்கள். என் விதியில் பிழை இல்லை. என் வாயில்தான் பிழை. கேட்க வேண்டிய இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர்கள் போய் ஐந்து கிழமை கழித்து மேர்சியிடமிருந்து செய்தி வந்தது. நாற்பது லொறியும் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒருவரும் ஒருவரோடும் முட்டவில்லை. அவளுடைய லொறியின் கண்ணாடி மட்டும் ஒரு மரக்கொப்பில் அடிபட்டு உடைந்துவிட்டதாம். "இதுக்கு ஏதும் விதி இருக்கோ டீச்சர்?" என்று கேட்டிருந்தாள்.

எனக்கு உடனே ஒரு நல்ல விதி தோன்றியது. பாதி எழுதியும் விட்டேன். பிறகு அழித்துவிட்டு எழுதினேன்: "எந்தக் கண்ணாடி, எந்தப் பக்கம்? முதல் ஒரு படம் எடுத்து அனுப்பு பிள்ளை."