கழற்றி வைத்த ஸ்பிரிங்

துப்பாக்கிக் கடையில் வேலை பார்ப்பவன் துப்பாக்கியைப் பார்க்கும் முன் அதைக் கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததால்தான் எனக்குக் கெட்ட பெயர் வந்தது. அதைக் கொடுத்தவர் சுந்தரபாண்டியம் ஊர்க்காரர் வேலாயுதம். கடை நிறைய ஆள் இருக்கும்போது என்னைத் திருடன் என்றார். அந்தச் சொல்லை அதேபோல நாலு பேர் முன்னால் அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், கடை ராஜபாளையம். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் அங்கே துப்பாக்கி பழுது பார்த்தேன். மலையடிவாரத்து விவசாயிகள் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல், மில்காரர் வீட்டு இரட்டைக்குழல் எல்லாம் என் மேசைக்கு வரும். கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வருகிறவர் பேசுவார், நாம் கேட்டுக்கொள்வோம். பதில் சொல்ல நமக்குச் சம்பளம் கிடையாது.

வாய்க்கு ருசி

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் செட்டியார்பட்டி விவசாயி ஒருவர் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கட்டைக்குப் பொட்டு வைத்ததோடு விடாமல், குழல் வாய்க்குள்ளும் சந்தனத்தை அப்பியிருந்தார். அது காய்ந்து கல்லாகிவிட்டது. அப்படியே சுட்டிருந்தால் குழல் கிழிந்து அவர் முகத்துக்கே வந்திருக்கும். மதியம் வரை சுரண்டி எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, பொட்டு வைக்க இதுல வேற இடமே இல்லையா?" என்று சத்தம் போட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "வருசம் பூரா பன்னி பின்னாலயே அலையுது. ஒரு நாளாவது அது வாய்க்கு ருசியா வைக்க வேண்டாமா?"

பட்டாளத்துப் பூட்டு

தளவாய்புரத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அவில்தார் ஒருவர் இருந்தார். நிலக்கடலை விளையும் நாட்களில் மட்டும் துப்பாக்கியை எடுத்துப்போவார். மற்ற மாதங்களுக்குக் கடையிலேயே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார். லைசென்ஸ் கிடைத்ததும் சட்டைப்பையில் புத்தகம் வெளியே தெரியும்படி நடக்கிறவர்களையே பார்த்த எனக்கு இது விளங்கவில்லை. உங்களை மாதிரி சுடத் தெரிந்தவர் ஏன் இதைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் ரசீதை நாலாக மடித்தபடி சொன்னார். "பகையாளியச் சுடணும்னு குடுத்த துப்பாக்கியவே சாயந்திரமானா எண்ணி வாங்கிப் பூட்டிருவாங்க, பட்டாளத்துல. வீட்ல எனக்கும் என் பொண்டாட்டிக்கும் தெனம் சண்டை வருது. இது இங்கனயே கெடக்கட்டும்."

மருமகன் சொன்னது

தொண்ணூறுகளில் ஒரு பெரியவர் லைசென்ஸ் புதுப்பிக்கும் விஷயமாக அடிக்கடி வருவார். நூல் மில் வைத்திருந்த குடும்பம். ஒருநாள் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த மருமகனையும் கூட்டிவந்தார். "தாசில்தார், இன்ஸ்பெக்டர், கலெக்டர்னு ஒரு துப்பாக்கிக்கு எம்புட்டு வாசல் ஏற வேண்டியிருக்கு! அங்க எப்படி, மாப்ளே?" என்று கேட்டார். அந்த ஊரில் பல இடங்களில் கடையில் போய் வாங்கி வரலாமாம். அதை உரிமை என்பார்களாம். குறைக்கச் சொல்கிறவர்களும் கூடாது என்கிறவர்களும் ஓயாமல் சண்டை போடுவார்களாம். லண்டனிலோ ரோட்டில் நிற்கும் போலீஸ்காரர் இடுப்பில்கூடப் பெரும்பாலும் துப்பாக்கி இருக்காதாம்.

"அப்பொறம் கள்ளன் வந்தா கம்ப வச்சா நிக்கது?" என்றார் மாமனார். "கள்ளனுக்கும் லேசுல கெடைக்காதுல்லா, மாமா" என்றார் மருமகன். பெரியவர் விடவில்லை. நம்ம பக்கம் அரிவாள் எடுத்தவனை எந்த லைசென்ஸ் தடுத்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அரிவாளுக்குப் பக்கத்தில் போக வேண்டும். போகிற வழியில் ஒருவன் கையைப் பிடிக்கலாம். துப்பாக்கிக்கு அந்த வழியே கிடையாது. இது என் மனசுக்குள் ஓடியது, சொல்லவில்லை. மருமகன் மெதுவாகச் சொன்னார். "அங்க ராத்திரி வழி தவறிட்டா, அடுத்தவன் கதவத் தட்டி வழி கேக்க எனக்குப் பயமா இருக்கு, மாமா."

தோட்டாவை முதலில் கேட்டவர்

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கலாம். வாங்க வருகிறவர்கள் எப்போதும் துப்பாக்கியைத்தான் முதலில் கேட்பார்கள். துரு ஏறிவிட்டது, கட்டையில் கீறல் விழுந்துவிட்டது என்று என்னைத் திட்டுவார்கள். ஒரு தேர்தல் முடிந்து வேலாயுதம் வந்தபோது திட்டவில்லை. "தோட்டா இருக்கா?" என்றுதான் கேட்டார்.

கடலை பிடுங்கி முடிந்த மாதம் அது. பன்றி வர வேலையில்லை. அவருக்கும் அவர் தம்பிக்கும் பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை தகராறு நடப்பது எனக்குத் தெரியும். முதல் நாள்தான் தம்பி மோட்டார் ஒயரை அறுத்துவிட்டதாக பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். கேட்க ஆளில்லை. துப்பாக்கியை உள்ளே கொண்டுபோய், தோட்டாவை அடிக்கும் சுத்தியலின் ஸ்பிரிங்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது, மதுரையிலிருந்து வர பத்து நாளாகும் என்று வெளியே வந்து சொன்னேன். அவர் கத்திய கத்தில் தெருவே கூடியது. "ஏலே, நல்லா இருந்த ஸ்பிரிங்கத் திருடிட்டு ஒடஞ்சிட்டுன்னா சொல்லுத?"

மறுநாள் ஊர் திரும்பிய முதலாளி, விஷயம் கேள்விப்பட்டு என் சட்டைப்பையிலிருந்தே ஸ்பிரிங்கை எடுத்தார். ஏன் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் விஷயம் ஸ்டேஷனுக்குப் போகும், வேலாயுதம் லைசென்ஸும் போகும், ஆளும் உள்ளே போவார். நினைத்ததற்காக ஒரு மனிதனை மாட்டிவிட எனக்கு வாய் வரவில்லை. அவர் நினைத்தாரா என்பதே எனக்கு நிச்சயமில்லை. நடந்திருந்தால் ஊரே சாட்சி சொல்லும். நடக்காததற்கு யார் சாட்சி? நான் தலை குனிந்து நின்றேன். முதலாளி சத்தம் போடவில்லை. "நாளையிலருந்து நீ வர வேண்டாம்ப்பா."

கல்யாணப் பந்தல்

அதற்குப் பிறகு சுந்தரபாண்டியம் பஸ் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சில வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அழைத்துப் போயிருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, பெண் வேலாயுதத்தின் தம்பி மகள். தம்பி உயிரோடு, வேட்டி கசங்கப் பந்திக்கும் சமையலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். பெரியப்பா முறையில் வேலாயுதம் வாசலில் நின்று தாம்பூலம் கொடுத்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பந்தலில் ஆள் நிறைய இருந்தார்கள். இப்போது சொல்வார் என்று நானும் நகராமல் நின்றேன். அவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், யாருக்கும் கேட்காதபடி காதருகில் சொன்னார். "துப்பாக்கிய அந்த வருசமே ஸ்டேஷன்ல குடுத்துட்டேன், இனி வேண்டாம்னு. ஆனாலும் நீ எடுத்தது எடுத்ததுதான்லே."

ஊருக்கெல்லாம் கை நிறையத் தாம்பூலம் கொடுத்த அந்த மனிதர், எனக்குத் தர வேண்டிய ஒரு சொல்லை மட்டும் இன்றுவரை மடியிலேயே முடிந்து வைத்திருக்கிறார்.