புகார் இல்லாத பதினோரு தெருக்கள்

நகராட்சியில் அவருக்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பதவிப்பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. ஒட்டுக்காரர் என்றால்தான் தெரியும். இணையக் கேபிளுக்குள் அறுந்துபோன கண்ணாடி இழைகளை ஒட்டுவது அவர் வேலை. ஒவ்வொரு இழையும் தலைமுடி கனம்தான். நுனியைச் சீவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இரண்டு நுனிகளையும் ஒரு சின்ன இயந்திரத்துக்குள் நேருக்கு நேர் வைத்து மூடினால், உள்ளே பொறி பறந்து இரண்டும் ஒன்றாகிவிடும். மூடும்வரை மூச்சை அடக்கிக்கொள்வார். "வேலையிலதான் இவரு மூச்சு விடமாட்டாரு, வீட்டுக்கு வந்தா வாயே மூடமாட்டாரு" என்பாள் மனைவி.

முன்பு அவர் தெருவிளக்கு மாற்றிக்கொண்டிருந்தவர். ஊரின் மேல்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், பாறைச் சரிவில் பதினோரு தெருக்கள் இருக்கின்றன. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அங்கிருந்த ஜனங்கள் இணையம் கேட்டு அலையாய் அலைந்தார்கள். தனியார் கம்பெனிகள் வந்து பார்த்துவிட்டு, வீடு குறைவு, மேடு அதிகம் என்று கையை விரித்தன. பாறை மறைப்பதால் செல்போன் சிக்னலும் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்போதிருந்த நகராட்சித் தலைவர் கொஞ்சம் ரோஷக்காரர். "தண்ணிக் குழாய் நாமதானே போட்டோம்? சாக்கடை நாமதானே வெட்டினோம்? இதையும் நாமளே போடுவோம்" என்றார். போட்டார்கள். ஊர் முழுக்க நகராட்சியின் சொந்தக் கேபிள். விளக்குக்காரரை நாற்பது நாள் பயிற்சிக்கு அனுப்பி ஒட்டுக்காரர் ஆக்கினார்கள். மேல்தெருக்களில் அவர் கைபடாத ஒட்டு ஒன்றுகூடக் கிடையாது.

மூன்றாவது மேல்தெருவில் அவருடைய அக்கா இருக்கிறாள். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்களுக்கு அது சுலபமான வழி. ஆகவே எழுத்தும் இல்லை. கைதான் அவளுக்கு வாய். சீருடை தைத்துப் பிழைக்கிறாள். கோபம் வந்தால் மிஷினில் போய் உட்கார்ந்துவிடுவாள். கை துணியில் இருந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சின்ன வயதில் தம்பியோடு சண்டை வந்தாலும் அப்படித்தான், எதையாவது கையில் எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அவர் சுற்றிச் சுற்றி வந்து முன்னால் நின்று அழ வேண்டும்.

புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே மகன், கடல் தாண்டி ஏதோ குளிர்பதனக் கிடங்கில் வேலை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் திரையில் வருவான். தாயும் மகனும் கையால் பேசுவார்கள். மற்றவர்களுக்கு வேகம் குறைந்தால் பாட்டு நிற்கும், படம் நிற்கும். அவளுக்கு மகன் கை பாதி வார்த்தையில் அந்தரத்தில் நிற்கும். கேபிள் வருமுன் செல்போன் சிக்னலில் ஒருமுறை முயன்று பார்த்தார்கள். விரல் எது, முகம் எது என்று தெரியாமல் கட்டம் கட்டமாகச் சிதறியது. அவள் பயந்துபோய் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இணைப்பு கெட்டால் நகராட்சிக்குப் போன் செய்து புகார் எண் வாங்க வேண்டும் என்பது விதி. அக்கா எப்படிப் போன் செய்வாள்? சீருடைத் துணியில் மிஞ்சிய சிவப்புத் துண்டு ஒன்றை வாசல் கதவில் கட்டிவிடுவாள். தம்பி மோட்டார் சைக்கிளில் போகும்போது பார்த்துவிட்டு, இறங்கிச் சரிசெய்வார். இதைப் பக்கத்து வீடு பார்த்தது. அதுவும் ஒரு துணி கட்டியது. ஒரே வருடத்தில் பதினோரு தெருக்களுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. போனில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று மாரடிக்க வேண்டாம். கந்தலைக் கட்டினால் ஆள் வந்து நிற்கிறார். ஒருமுறை ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையில் சிவப்புச் சட்டை ஒன்று பறந்து வந்து கேட்டில் மாட்டிக்கொள்ள, ஒட்டுக்காரர் கருவிப்பெட்டியோடு உள்ளே நுழைந்து அசடு வழியத் திரும்பினார்.

செய்த ஒவ்வொரு வேலைக்கும் புகார்ச் சீட்டு எழுதி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். இவர் சேர்த்ததில்லை. ஸ்டோர்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"யோவ், சீட்டு எழுதிட்டுப் போய்யா. நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"அதான் சரியாயிடுச்சே. எதுக்குப் புகார்?"

அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. மாதாமாதம் பகுதிவாரியாகப் புகார் எண்ணிக்கையை எழுதுவார்கள். மேல்தெருக்களுக்கு நேராக எப்போதும் ஒரு முட்டைதான் இருக்கும். ஒட்டுக்காரர் அதைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். அந்த முட்டையில் அவருக்கு அவ்வளவு பெருமை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, பன்னிரண்டு வருடமாகத் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

புதுத் தலைவர் வந்தார். கேபிள் ஓட்டுவது நகராட்சியின் வேலை இல்லை என்பது அவருடைய கட்சி. அன்று கையை விரித்த கம்பெனி ஒன்று இன்று பல்லிளித்துக்கொண்டு வந்தது: கீழ் ஊர் கேபிளை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம். மேல்தெருக்கள்? ஆய்வு செய்து முடிவெடுக்கலாம் என்றார்கள். இஸ்திரி கலையாத சட்டையோடு இரண்டு பேர் வந்து, பலகையையும் புகார்ப் பதிவேட்டையும் பார்த்தார்கள். மேட்டில் ஒருநாள்கூட ஏறவில்லை.

மன்றக் கூட்டத்தில் அறிக்கையைப் படித்தார்கள். ஒட்டுக்காரர் கடைசி பெஞ்சில் இருந்தார்.

"போன வருஷம் கீழ எண்ணூத்திப் பன்னெண்டு புகார். மேல பதினோரு தெருவும் சேர்த்து ஒண்ணுமே இல்ல" என்றார் இஸ்திரிச் சட்டைகளில் ஒருவர். "பன்னெண்டு வருஷமா இதே கதைதான். புகாரே இல்லைன்னா என்ன அர்த்தம்? யாரும் பயன்படுத்தலைன்னு அர்த்தம்."

கம்ப்யூட்டரைத் திறந்தால் யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியும். திறக்கத் தெரிந்தவர் போன வருடம் ஓய்வு பெற்றார். கடவுச்சொல்லும் அவரோடு ஓய்வு பெற்றுவிட்டது. ஆட்சேபம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் தரலாம் என்று கூட்டம் முடிந்தது.

மேல்தெருக்காரர்கள் திரண்டு வந்து கத்தியிருக்கலாமே என்று தோன்றும். சேதியை அவர்களிடம் சொன்னதே ஒட்டுக்காரர்தான். "நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்னங்க?" என்று சிரித்தார்கள். ஒருவர் விளையாட்டாக வாசலில் சிவப்புத் துணியே கட்டிவிட்டார். பன்னிரண்டு வருடமாக, கேட்பதற்கு முன்னால் வந்து நின்ற மனுஷன். அவர்களுக்குப் புகார் செய்யவே மறந்துபோயிருந்தது.

சனிக்கிழமை காலை அவர் ஒரு கட்டு வெற்றுச் சீட்டுகளோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். ஒட்டிய ஒவ்வொரு இழையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அணில் கடித்தது, லாரி இழுத்தது, மண் சரிந்தது, வெள்ளையடித்தவன் ஏணியைச் சாய்த்தது. தேதி ஞாபகமில்லாதபோது மனைவியைக் கேட்டார்.

"உன் தங்கச்சிக்கு வளைகாப்பு என்னிக்கு? அன்னிக்குச் சாயங்காலம் ஆறாவது தெருவுல ஒரு அறுப்பு."

"வளைகாப்புக்கு லேட்டா வந்தது இதுக்குத்தானா?" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேதியைச் சொன்னாள். டீ ஆறிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் நானூற்றுப் பதினேழு சீட்டுகள் ஆகியிருந்தன. ஒன்றுகூடப் பொய் இல்லை.

திங்கட்கிழமை நகராட்சி ஆணையர் அந்தக் கட்டைச் சீட்டுக்கட்டு போல விரலால் புரட்டினார்.

"என்னய்யா இது?"

"நான் செஞ்ச வேலை சார். எல்லாம் நெஜம்."

"பன்னெண்டு வருஷத்துச் சீட்டு. ஒரே கையெழுத்து, ஒரே பேனா, மை கூடக் காயல."

"அப்ப எழுதல சார். இப்பதான் எழுதினேன்."

"இதுக்கு என்ன பேருன்னு தெரியுமா உனக்கு?"

தெரிந்தது. "ஒரே ஒரு தடவை மேல வந்து பாருங்க சார். எந்த வீட்டுல வேணும்னாலும் கேளுங்க" என்றார்.

"கேட்டா உனக்குத்தான் பரிஞ்சு பேசுவாங்க." ஆணையர் கட்டைக் கீழே வைத்தார். "மேல உனக்கு யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாரோ என்னவோ. அக்காவை இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"எங்க அக்கா இருக்காங்க சார்."

ஆணையர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது.

போலி ஆவணம் தயாரித்தது, உறவினர் தெருவுக்காகப் பதிவில்லாமல் நகராட்சிப் பொருளைச் செலவிட்டது என்று இரண்டு குற்றங்களோடு ஓலை வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து தற்காலிகப் பணிநீக்கம். அதற்குள் செய்ய ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள்: தண்ணீர்த் தொட்டியருகே இருக்கும் ஒட்டுப்பெட்டியைத் திறந்து, மேல்தெருக் கேபிளைத் துண்டிக்க வேண்டும். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். அப்படியானால் குழாய்ப் பிரிவிலிருந்து ஆள் போவான் என்றார்கள். அவன் வெட்டுக்கத்தியால் கொத்திவிடுவான், பிறகு பிரம்மா வந்தாலும் ஒட்ட முடியாது. நுனிகளையாவது நன்றாக விட்டு வைப்போம், என்றைக்காவது யாருக்காவது மனசு வந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து, தானே செய்கிறேன் என்றார்.

துண்டிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். ஆறு மணி. திரையில் மகன் புதுக் கையுறையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையுறை போட்டால் அவன் குழறுகிறானாம். ஒட்டுக்காரர் நடுவில் புகவில்லை. அவர்கள் முடிக்கும்வரை கதவருகே நின்றார். பிறகு நாளை முதல் இணைப்பு இருக்காது என்று கையால் சொன்னார். அவள் பதறவில்லை. தன் காதைத் தொட்டாள். சின்ன வயதிலிருந்து அவள் அவரைக் கூப்பிடும் பெயர் அது. நீ ஒட்டிவிடுவாய் இல்லையா என்று கேட்டாள்.

பதிவேடு, அறிக்கை, ஆணையர் இதற்கெல்லாம் அவர்களுடைய கைப்பேச்சில் சொல் இல்லை. இரண்டு விரல்களைக் கத்தரிபோல் வைத்து வெட்டிக் காட்டினார். யார் என்று கேட்டாள். அவர் தன் நெஞ்சைத் தொட்டார். அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. அவர் ஒட்டிய ஒட்டுகளை அவரே ஒவ்வொன்றாக வெட்டி, நுனிகளுக்கு உறை போட்டு, பெட்டியை மூடினார். பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கினார். அவர் இறங்கிக்கொண்டிருந்தபோது எதிரே நகராட்சி லாரி ஏறியது. ஒட்டுப்பெட்டியையும் கம்பத்துக் கேபிளையும் கழற்றி ஸ்டோரில் சேர்க்க வேறொரு உத்தரவாம். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் மேலே போனார். போகாமல் இருக்க முடியவில்லை. பதினோரு தெருக்களிலும் வாசலுக்கு வாசல் சிவப்புத் துணி. துண்டு, ரிப்பன், பழைய பாவாடை, குழந்தையின் கால்சட்டை. துண்டிப்பு அறிவிப்பை நகராட்சி தன் இணையதளத்தில் போட்டிருந்ததாம்.

"வாங்க, வாங்க! காலைல பதினொண்ணுலேருந்து இல்லைங்க" என்று ஒருவர் கேட்டைத் திறந்துவிட்டார். "கொஞ்சம் பாருங்க."

ஒட்டுக்காரர் நிற்காமல் நடந்தார். கருவிப்பெட்டி இல்லாத கையைப் பார்த்து, கேட்டைத் திறந்தவர் குழம்பி நின்றார்.

அக்கா வீட்டு வாசலில் மட்டும் துணி இல்லை. உள்ளே திரை இருண்டு கிடந்தது. அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் துணியில். ஒட்டுக்காரர் முன்னால் போய் நின்றார். கையை ஆட்டினார். நான் இல்லாவிட்டாலும் வெட்டியிருப்பார்கள் என்று சொல்லப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அக்கா என்று வாய்விட்டே கத்தினார், யாருக்குக் கேட்கப் போகிறது. ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் போகும்வரை அவள் துணியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.