பிள்ளைகளோடு சேர்ந்து செபம் படித்த தகப்பன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேவகோட்டையில் என் வீட்டுக் குழாயடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தபோது ரீட்டா போன் செய்தாள். இறந்துபோன என் தங்கையின் மகள். "மாமா, அப்பா போயிட்டாக" என்றாள். பின்னால் அவளுடைய மூன்று வயது மகன் எதற்கோ சிரிப்பது கேட்டது. கடை திறக்கச் சாவியை எடுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா முருகேசனை உங்களில் பலருக்குத் தெரியும். அவரோடு கோயிலில் முழந்தாளிட்டவர்களும், ஒக்கூரில் அவரோடு வயலில் இறங்கியவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்கள் எல்லோர் முன்னாலும் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மனிதரை நான் பல வருடங்கள் குறைவாக எடைபோட்டிருந்தேன்.

எங்களுடையது பல தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். என் தாத்தா உபதேசியார். சாமியார் வந்துபோக வழியில்லாத ஊர்களில் செபம் நடத்தியவர். நான் பள்ளியில் தமிழ் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவன். என் தங்கை பிலோமினா, ஒக்கூர் இந்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான முருகேசனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அவரோ தாமாகவே பங்குச் சாமியாரிடம் போய், "பேருக்குத் தண்ணி ஊத்திக்க மாட்டேன் சாமி, படிச்சுட்டு வாரேன்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் செபமான விசுவாசப் பிரமாணத்தில் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஒருநாள் கேட்டார்: "இந்தப் பிலாத்து நல்லவரா மச்சான்? இல்லைன்னா அவரு பேரை எதுக்குத் தினம் செபத்துல சொல்லணும்?" பிலாத்து இயேசுவைச் சிலுவைச் சாவுக்குக் கையளித்த ரோம ஆளுநர். எனக்குப் பதில் தெரியும். ஆனாலும், "கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணுங்க" என்றுதான் சொன்னேன். ஞானஸ்நானத்தில் சூசை என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிடவில்லை, நான் உட்பட.

ரீட்டாவுக்கு ஒன்பது வயது, அவள் தம்பி லியோவுக்கு ஆறு வயது இருக்கும்போது பிலோமினா காய்ச்சலில் படுத்துப் பதினோரு நாளில் போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, உறவினர்கள் முன்னிலையில் நான் பேச்சை எடுத்தேன். "புள்ளைக ரெண்டும் எங்ககூட இருக்கட்டும். செபம், பூசைன்னு வளரணும். உங்களுக்கு விசுவாசப் பிரமாணமே முழுசா வராது" என்றேன்.

அவர் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக்கொண்டார்.

"வராதுதான் மச்சான். புள்ளைககூடச் சேந்து படிச்சுக்கிறேன். அவளும் நானும் பேசி வச்ச மாதிரி வளப்பேன். நீங்க எப்ப வேணாலும் வந்து பாருங்க. ஆனா புள்ளைகளைக் கேக்காதீக."

குரல் உயரவில்லை. எனக்கு அது அவமானமாகப் பட்டது. எட்டு மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒருநாள் சொல்லாமல் போனேன். உண்மையைச் சொல்வதென்றால், குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். சாயங்காலம் ஏழு மணி. கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. வெளியே கானாடுகாத்தானில் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக நடத்துபவர்களின் மேனேஜர் மோட்டாரோடு நின்றிருந்தார். "உள்ள செபம் நடக்குதாம் சார், பத்து நிமிசம் உக்காரச் சொன்னாரு" என்றார். கடையை ஒட்டிய அறையில் மூவரும் பாயில் இருந்தார்கள். முருகேசன் கையில் வார்னிஷ் கறை. அவர் தப்பாகச் சொன்ன இடத்தில் ரீட்டா திருத்தினாள். அவர் திரும்பச் சொன்னார்.

செபமாலை முடிந்ததும் எழுந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எழவில்லை. முருகேசன் மகளைப் பார்த்து, "காலையில ஜடை பின்னத் தெரியாம உன்மேல கத்திட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சுக்க ஆத்தா" என்றார். அந்தப் பெண் வெகு சாதாரணமாக, "சரிப்பா" என்றது. அடுத்து லியோ, அக்காவின் பென்சிலை உடைத்ததைச் சொன்னான். தினமும் இப்படித்தானாம். யாரிடம் தப்பு செய்தோமோ அவரிடமே கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு. தகப்பன்தான் முதலில் கேட்பார்.

வாசலில் நின்றபடியே இதையெல்லாம் பார்த்தேன். அதற்குள் இருபது வருடம் மறைக்கல்வி எடுத்திருந்தவன் நான். மன்னிப்பைப் பற்றி எத்தனையோ வகுப்பு நடத்தியிருக்கிறேன். என் பிள்ளைகளிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. முருகேசன் திரும்பி என்னைப் பார்த்தார். "வாங்க மச்சான், சாப்பிட வாங்க" என்றார். எட்டு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒக்கூர் உறவை அவர் விட்டுவிடவில்லை. திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். "அவுக கும்புடுறதை மதிக்கணும், நாம கும்புடுறதை மறைக்கக் கூடாது" என்பார். பந்தியில் அண்ணன் தம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து, இலையில் சோறு விழுந்ததும் பிள்ளைகளோடு சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடுவார். ஆரம்பத்தில் கேலி செய்தவர்கள்கூட, பிறகு அந்தச் செபம் முடிகிறவரை சாம்பார் வாளியை நிறுத்திவைத்தார்கள் என்று ரீட்டா சொல்லியிருக்கிறாள்.

லியோ கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கப் போன இரண்டாம் வருடம், விடுமுறைக்கு வந்தவன், இனிமேல் பூசைக்கு வரப் போவதில்லை, தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டான். நான் கொதித்துப்போய்க் காரைக்குடிக்கு ஓடினேன்.

"கண்டிச்சு வைங்க. பூசைக்கு வராதவன் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"வீட்டுக்குள்ள வராம அவன் எங்க போயிப் படிப்பான் மச்சான்? நான் இங்கதானே படிச்சேன்?" என்றார்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "பூசைக்குக் கெளம்பிட்டேன். நீ போறியாப்பா?" என்று கேட்பார். "இல்லப்பா." "சரி. சாப்பிட்டியா?" அவ்வளவுதான் பேச்சு. காய்ச்சலாகக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகூட, "இன்னைக்கு என்னாலயும் போக முடியலை, நீ போறியா?" என்று கேட்டிருக்கிறார். ஏறக்குறைய மூன்று வருடம். ஒரு வாரம் தவறவில்லை. ஒரு வாரமும் அந்தக் கேள்வியோடு ஒரு குத்தலும் சேரவில்லை.

ஒருநாள் என்னிடம் தற்செயலாகச் சொன்னார்: "லியோ போன வாரம் பூசைக்குப் போயிட்டு வந்தானாம்." நான் துள்ளி எழுந்து, "நீங்க என்ன சொன்னீக?" என்று கேட்டேன். "சரின்னேன். சாப்பிட்டியான்னு கேட்டேன்" என்றார்.

அடக்கத்துக்கு முந்தி, வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது, வழக்கம்போல நான் செபத்தை நடத்த எழுந்தேன். ரீட்டா என் கையைத் தொட்டு, "நாங்க சொல்றோம் மாமா" என்றாள். அக்காவும் தம்பியும் மாறி மாறிச் செபமாலை சொன்னார்கள். ஒக்கூர்ப் பங்காளிகள் கைகட்டி நின்றார்கள். லியோ நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டான். ரீட்டா எடுத்துக்கொடுத்தாள். முடியும்வரை அவர்கள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது லியோவிடம், எதனால் மறுபடி பூசைக்குப் போனாய் என்று கேட்டேன்.

"எனக்கு இன்னும் நிறையக் கேள்வி இருக்கு மாமா. அப்பாவுக்கும் இருந்துச்சு, அதை அவரு எங்ககிட்ட மறைக்கலை. கேள்வியோடயே தினம் உக்காந்தாரு. நானும் அப்படி உக்காந்து பாக்கலாம்னு போனேன்" என்றான்.

என் மகன் பெங்களூரில் இருக்கிறான். கோயிலுக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. பேரப்பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. போன வருடம் அதற்காகக் கடுமையாகப் பேசினேன்; அதிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். அடக்கம் முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, அவனுக்குப் போன் செய்தேன். முதலில், அன்றைக்கு நான் பேசியது தப்பு, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். பிறகு, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், நீ போகிறாயா என்று கேட்டேன். "இல்லப்பா" என்றான். சரி என்றேன். பேரனிடம் போனைக் கொடுத்தான்.

நான்கு வாரம் ஆகிவிட்டது. நான்கு வாரமும் கேட்டேன். முருகேசனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். எனக்கு அறுபத்திரண்டு வயது. உடம்பில் தெம்பு இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமையும் கேட்பேன்.