டயர் பார்க்கும் பத்து நிமிடம்

கண்டக்டர் கலியபெருமாள் அண்ணன் தவறிவிட்டார் என்று விழிதியூரிலிருந்து அவர் மகள் போன் செய்தபோது, நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போலியோ வந்த காலுக்குக் காலிப்பரை, அந்த இரும்புத் தாங்கியை, மாட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். இனி சென்னைக்குப் போகும்போது வண்டியை யார் நிறுத்துவார்கள்?

காரைக்கால்–சென்னை பகல் பஸ்ஸில் அவரோடு போய்வந்த சக பயணிகளான உங்களுக்கு இந்தக் கேள்வி புரியும். மாதந்தோறும் சிகிச்சைக்குப் போகிறவள் நான். வழியில் வண்டி நிற்கும் ஓட்டலில் கழிப்பறைக்கு ஆறு படி ஏறவேண்டும், அதுவும் ஈரப் படி. அதனால் முதல்நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். "இப்படியே போனா கிட்னி போயிடும்மா" என்று டாக்டர் சத்தம் போட்டிருந்தார்.

அண்ணனோடு எனக்கு முதல் பழக்கமே சண்டைதான். நான் படியில் தடுமாறுவதைப் பார்த்தவர், கேட்காமல் கொள்ளாமல் என்னை அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். "நான் என்ன அரிசி மூட்டையா?" என்று கத்தினேன். மறுமாதம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "எப்படி ஏறணும்னு நீங்க சொல்லுங்க டீச்சர். படி ஒசரமா இருந்தா அது வண்டியோட குத்தம், உங்க காலோட குத்தமில்ல."

தண்ணீர் விஷயத்தையும் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். புதுச்சேரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் படியே இல்லாத கழிப்பறையைக் கண்டுபிடித்து, வண்டியை நிறுத்தி, "டீச்சருக்கு அவசரம், பத்து நிமிஷம் நிக்கும்!" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. சென்னை வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த முறை அதே இடத்தில், "டயர் பார்க்கணும், பத்து நிமிஷம்!" என்றார். நான் வெளியே வந்தால் பின்னால் ஒரு வரிசை: சர்க்கரை வியாதிக்காரர், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, இன்னும் நாலைந்து பேர். டயரை ஒருவரும் பார்க்கவில்லை. "உங்க ஒருத்தருக்குன்னு நெனச்சேன் டீச்சர். பாதி வண்டி பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

போன வாரம் அவர் இல்லாமல் போனேன். கண்டக்டர் புதியவர். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நான் திறக்கவேயில்லை. புதுச்சேரி தாண்டியதும் வண்டி மெதுவானது. "டயர் பார்க்கணும், பத்து நிமிஷம்!"

"உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றேன்.

"ஒடம்பு முடியாம லீவுல போறப்ப அண்ணன்தாங்க சொல்லிட்டுப் போனாரு. டீச்சர் வந்தாலும் வராட்டியும் இங்க நிக்கணும்னாரு."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பத்து நிமிடம். வண்டி கிளம்பியதும் பாட்டிலைத் திறந்து மடமடவென்று பாதியைக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்காக அழ முடிந்தது.